மூன்றாண்டுகளுக்கென வந்த சட்டம்

ஒரு மனிதரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தாமல், ஆட்சியாளரின் கையொப்பத்தினால் மட்டும் பிடித்துச் செல்லலாமா? இந்தக் கேள்வி இலங்கையில் சுதந்திரத்துக்கு ஒரு தசாப்தம் முன்னரே எழுந்தது. அதற்கு அன்று தெளிவான விடையும் கிடைத்தது.

1936 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கு வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டல் என்ற இளைஞர், மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தொழில் பழகினார். தொழிலாளரின் லயன்களில் கண்டவை அவரை லங்கா சமசமாஜக் கட்சியின் பக்கம் திருப்பின. தோட்டத் துரைமார் கொதித்தெழுந்தனர். ஆளுநர் சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ் 1896 ஆம் ஆண்டின் அரச கட்டளையொன்றைத் தேடியெடுத்து, 1937 ஏப்ரலில் அவரை நாடு கடத்துமாறு பணித்தார். இளைஞர் தலைமறைவானார். மே 5 ஆம் திகதி அரசாங்க சபையில் ஆளுநருக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34 க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அமைச்சர்களே அதனை ஆதரித்தனர். அன்றைய தினம் காலிமுகத்திடலில் கூடிய பெருங்கூட்டத்தில் உரையாற்றியோருள் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் ஒருவர். அதே மாதத்தில், பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், நெருக்கடி காலத்துக்கென வழங்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பிரயோகிக்க முடியாது எனத் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது.

இந்நாட்டின் மூல இலட்சியம் யாதென வினவினால், அரசியலமைப்பின் முகவுரைகளைக் காட்டிலும் இந்தத் தீர்ப்பையே சுட்டிக்காட்டலாம் என்பது எமது எண்ணம். முகவுரைகளை வரைபவர்கள் அமைதியாக அமர்ந்து எழுதுகின்றனர். 1937 இல் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அமர்ந்திருந்த சபையொன்று, ஆட்சியதிகாரத்தின் கோபத்துக்கு முன்னால் நின்று அதனைச் சொன்னது. அதுவும் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய ஓர் அந்நியருக்காக.

பத்தாண்டுகள் கழிந்தன. 1947 மே, ஜூன் மாதங்களில் கொழும்பு பெரும் வேலைநிறுத்தத்தினால் நிலைகுலைந்தது. ஜூன் 5 ஆம் திகதி கொலன்னாவையில் அரசாங்க எழுதுவினைஞர் வி. கந்தசாமி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஜூனில், அதே அரசாங்க சபையில், 25 ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அவசரகால நிலைமை பிரகடனப்படுத்தப்பட்டதும், நாட்டின் எந்தச் சாதாரண சட்டத்தையும் மேவக்கூடிய விதிகளை நிறைவேற்றுத்துறையே ஆக்கிக்கொள்வதற்கு அது வழி திறந்தது. பிரகடனத்தை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது எனவும் எழுதி வைத்தது. ஆளுநர் ஸ்டப்ஸ் இல்லாமல் தவித்த அதிகாரம் எதுவோ, அதனை நம்மவர்களே நமக்கு ஆக்கித் தந்தனர். நாடு பிறந்தது 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி. சட்டம் நாட்டைவிட எட்டு மாதங்கள் மூத்தது.

பிரேஸ்கேர்டல் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தொழிலாளரின் குடியுரிமை 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் பறிபோயிற்று. எந்தச் சமூகத்துக்கும் பிறருக்கு இல்லாத தடையை விதிக்கலாகாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆயினும் அது பாதுகாப்பின் பெயரால் செய்யப்பட்டதன்று, தேசத்தின் பெயரால் செய்யப்பட்டது. அந்தக் கதை தனியே எழுதப்பட வேண்டியது.

அவசரகாலச் சட்டம் 1953 ஹர்த்தாலின்போது எடுக்கப்பட்டது. 1958 இன வன்செயல்களின்போது, காலிமுகத்திடலில் அன்று உரையாற்றிய அதே பண்டாரநாயக்க பிரதமராக இருந்த வேளையில், மீண்டும் எடுக்கப்பட்டது. 1961 இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை முடித்துவைக்கவும், 1971 இல் சிங்கள இளைஞரின் கிளர்ச்சியை அடக்கவும் அதுவே பயன்பட்டது. 1971 இல் பிரகடனப்படுத்தப்பட்ட நெருக்கடி நிலை, கிளர்ச்சி சில வாரங்களில் முறியடிக்கப்பட்ட பின்னரும் 1977 வரை நீடித்தது.

எனினும், அவசரகாலச் சட்டத்துக்கு ஒரு கடிவாளம் உண்டு. 1978 அரசியலமைப்பின்படி அதனை நீடிப்பதற்கு மாதந்தோறும் பாராளுமன்றத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். அந்தக் கடிவாளமும் இல்லாத ஒன்றாகவே 1979 ஜூலையில் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதே மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்ட பிரிகேடியர் வீரதுங்கவுக்கு, ஆண்டு முடிவதற்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட வேண்டும் என்ற கட்டளையும் வழங்கப்பட்டிருந்தது. சட்டத்தின் ஆயுள் மூன்று ஆண்டுகள் எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1982 இல் ஒரு திருத்தத்தின் மூலம் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 1979 இன் அமைச்சரவையில் நீதி அமைச்சராக இருந்தவர் கே.டபிள்யூ. தேவநாயகம், வெளிநாட்டு அமைச்சராக இருந்தவர் ஏ.சி.எஸ். ஹமீட். நம்மவர்கள் எவரும் அந்த மேசையில் இல்லை என்று தமிழரோ முஸ்லிம்களோ சொல்ல இயலாது.

சட்டத்தின் உள்ளே இரண்டு இயந்திரங்கள் உள்ளன. ஒன்று தடுப்புக்காவல். அமைச்சரின் கட்டளையின் பேரில் ஒருவரை மூன்று மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்கலாம் என்பது மூல ஏற்பாடு. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. மற்றையது, அதனிலும் ஆழமாக வெட்டுவது, 16 ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்கலாம் என்கிறது அது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதனை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. 2022 திருத்தம் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

இதன் பாரதூரத்தை விளங்கிக்கொள்ளப் பழைய சட்டமொன்றைப் பார்க்க வேண்டும். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்கிறது. பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் என்ன நடக்கக்கூடும் என்பதை வெள்ளைக்காரன் அறிந்திருந்தான். தன் பொலிஸாரையே நம்பாத ஏற்பாட்டை அவன் எழுதி வைத்தான். 84 ஆண்டுகளின் பின்னர் சுதந்திர நாடொன்றின் பாராளுமன்றம் அதற்கு விலக்களித்தது. சித்திரவதைக்கு எக்காரணங்கொண்டும் இடமில்லை என்று 1978 அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை கூறுகின்றது; தேசிய பாதுகாப்பின் பொருட்டுக்கூட அதனை மட்டுப்படுத்த முடியாது. அந்த உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. 16 ஆம் பிரிவு அதனை நீக்கவில்லை, சித்திரவதைக்குப் பலன் கிடைக்கும்படி செய்தது.

சிங்கராசா வழக்கு என்று சட்டத்துறையினர் அறிந்த வழக்கு இதற்குச் சான்று. மட்டக்களப்பில் 1993 இல் கைதான ஒரு தமிழ் இளைஞர் 1995 இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அவருக்கு எதிராக இருந்த சான்று ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் பொலிஸ் உத்தியோகத்தர். கீழே இருந்தது பெருவிரல் அடையாளம். 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, அவருக்கு நீதியான விசாரணை மறுக்கப்பட்டதெனக் கண்டது. 2006 செப்டெம்பரில் எமது உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழி செய்த நெறிமுறையில் நாடு இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அந்த மனிதரின் கைநாட்டு எப்படிப் பெறப்பட்டது என்ற வினா பதிலின்றி நின்றது.

சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக 1981 இல் இங்கு வந்து ஆராய்ந்த பேராசிரியர் வேர்ஜீனியா லீரி, தென்னாபிரிக்க நிறவெறி அரசின் 1967 ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தோடு எமது சட்டத்தை ஒப்பிட்டிருந்தார். அந்த ஒப்பீட்டைக் கண்டு அன்று கொழும்பில் வெட்கப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

கொழும்புத் தமிழருக்கு இச்சட்டங்கள் புத்தகத்தில் இருப்பவை அல்ல. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை, கல்கிசை வரை காலி வீதியின் இரு மருங்கிலும் வாழ்ந்தோரும், கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தோரும் அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் பணப்பையில் மடித்து வைத்திருந்த காலம் இன்னும் மறக்கப்படவில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகள் தட்டப்பட்டன. தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறி 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். கடவுச்சீட்டுக்காகவும், வெளிநாட்டுப் பயணத்துக்காகவும், வைத்தியத்துக்காகவும் வந்திருந்தோர் அவர்கள். தன் நாட்டின் தலைநகரில் தங்குவதற்குக் குடிமகன் ஒருவன் காரணம் காட்ட வேண்டும் என்ற விதியை எந்தச் சட்டம் ஆக்கியது என்பதை எவரும் சொல்லவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுத் தாக்கல் செய்ய, மறுநாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். 1937 இன் குரல் முற்றாக அடங்கிவிடவில்லை என்பதற்கு அந்த ஒரு நாள் அடையாளம்.

இதனைச் சொல்லும்போது தமிழ் வாசகர் இன்னொரு நாளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில், வீட்டையும் கடையையும் நகையையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்த ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டோர் சுமார் 75,000 பேர். சொல்லப்பட்ட காரணம் என்ன? காட்டிக்கொடுப்பு, உளவு, போராட்டத்தின் பாதுகாப்பு. விடுதலை என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்த இயக்கம் அது. 29 ஆம் பிரிவை நாடு காக்கவில்லை என்று முறையிட்டு எழுந்த அரசியலின் பிள்ளை அது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அதற்கு வருத்தம் தெரிவித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம் புத்தளத்தின் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளின் ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை. அரசு அல்லாதவையும் தம் மூல இலட்சியத்துக்குத் துரோகம் செய்ய இயலும் என்பதை எமது பத்திகள் போதிய அளவு எழுதியதில்லை.

ஒரு சமூகத்துக்கென ஆக்கப்பட்ட ஏற்பாடு அச்சமூகத்தோடு நின்றுவிடுவதில்லை. 1983 ஜூனில், மரண விசாரணையின்றி உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ பாதுகாப்புப் படையினருக்கு அனுமதி வழங்கிய அவசரகால விதி வடக்கின் இளைஞரை மனதிற்கொண்டு வந்தது. 1988, 1989 ஆம் ஆண்டுகளில் அதே வகையான விதி தெற்கில் நடைமுறையில் இருந்தபோது, வீதியோரங்களில் எரிந்த உடல்கள் சிங்களத் தாய்மாரின் பிள்ளைகளுடையவை.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் 260 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர். அதன் பின்னர் சட்டத்தின் முகம் முஸ்லிம்களை நோக்கித் திரும்பியது. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த ஆடையில் இருந்த கப்பற் சுக்கான் சக்கரம் தர்மச் சக்கரமாகக் கொள்ளப்பட்டு அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். பயன்படுத்தப்பட்டது 2007 ஆம் ஆண்டின் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம். மனித உரிமைகளைக் காப்பதற்கென ஆக்கப்பட்டது அது! 2020 மேயில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியமைக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். நூல் 2017 இல் வெளிவந்தது. அதனைப் படித்த தமிழறிஞர்கள் அது வன்முறையை மறுப்பது என எடுத்துரைத்தனர். ஆயினும் அவர் பிணையில் வர 2021 டிசெம்பராயிற்று. மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்ய 2023 டிசெம்பராயிற்று. 1993 இல் தமிழரின் வாக்குமூலம் அவருக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்டது. 2020 இல் தமிழில் எழுதப்பட்டது பிடித்தவர்களுக்குப் புரியவில்லை.

அரசியல்வாதி ரிஷாட் பதியுதீனின் வரலாறு இன்னும் எண்ணத்தக்கது. 1990 இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். போர்க்காலத்தில் அவசரகாலச் சட்டத்தை மாதந்தோறும் நீடித்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார். 2021 ஏப்ரலில் அவரே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். கடலுக்கு அப்பாலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 2002 மார்ச்சில் இந்தியப் பாராளுமன்றத்தில் பொடா சட்டத்தை ஆதரித்த கூட்டணியில் வைகோவின் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகமும் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று தமிழக அரசு அவரைப் பொடாவின் கீழேயே சிறையிட்டது. வெளியே வர ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. ஆனால் இந்தியா 2004 இல் பொடாவை நீக்கியது; அதற்கு முந்திய தடாவை 1995 இல் காலாவதியாக விட்டது. அவற்றின் கூறுகள் வேறு சட்டத்துள் புகுந்தன என்பது உண்மையே. எனினும் பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாக்கும் ஏற்பாடு அவற்றோடு போயிற்று.

குண்டுகள் வெடித்தன, மக்கள் இறந்தனர், அரசு கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கியின் முன்னால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆயினும் 2019 ஐ நோக்குவோம். பயங்கரவாதத் தடைச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்தது. தாக்குதல் பற்றிய முன்னறிவித்தல் இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே கிடைத்திருந்தது. சட்டமும் இருந்தது, தகவலும் இருந்தது. கடமையைச் செய்வோர் இல்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது இந்தக் காரணத்தினாலேயே.

கல்கிசையில் 2017 செப்டெம்பர் 26 ஆம் திகதி நடந்ததும் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை விளக்கும். ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் பராமரிப்பில் அங்கு ஒரு வீட்டில் தங்கியிருந்த 31 ரோஹிங்யா அகதிகளை, பிக்குகள் சிலரின் தலைமையில் வந்த கும்பல் சூழ்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். பொலிஸார் அவர்களைக் காப்பாற்றினர். பாதுகாப்புக்கென அனுப்பி வைத்த இடம் பூசா. தமிழ்ச் சந்தேகநபர்கள் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த அதே பூசா. மிரட்டியவர்கள் கொழும்பிலேயே இருந்தனர்.

இச்சட்டத்தை நீக்கிப் புதியதொன்றைக் கொண்டுவர 2018 இலும் 2023 இலும் எடுக்கப்பட்ட முயற்சிகள் நிறைவேறவில்லை. 2022 ஒகஸ்டில் 'அறகலய' மாணவர் தலைவர் வசந்த முதலிகே அதன் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டபோது தென்னிலங்கையும் அதன் சுவையை மீண்டும் அறிந்தது. நீக்குவோம் என்று வாக்களித்த தேசிய மக்கள் சக்தி 2024 இல் ஆட்சிக்கு வந்தது. அதன் பிரதான கட்சியான மக்கள் விடுதலை முன்னணி 1971 இலும் 1980 களின் இறுதியிலும் இத்தகைய சட்டங்களின் கீழ்த் தன் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் இழந்த கட்சி. 2025 மார்ச்சில் கொழும்பு வர்த்தகத் தொகுதியொன்றில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் கைதானார். அவரைத் தடுத்து வைக்கும் கட்டளையில் கையொப்பமிட்டவர் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க. ஏப்ரலில் விடுவிக்கப்பட்டபோதும் நடமாட்டத்துக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

பதிலீடாக எந்தச் சட்டவரைவு வந்தாலும், அதன் தலைப்பையும் நோக்கங்களையும் விட்டுவிட்டு வாசகர்கள் மூன்று இடங்களைத் திறந்து பார்ப்பது நல்லது. தடுப்புக் கட்டளையில் கையொப்பமிடுபவர் நீதவானா, அமைச்சரா, பொலிஸ் அதிகாரியா என்பது ஒன்று. சட்டம் எப்போது காலாவதியாகும் என்ற ஏற்பாடு உண்டா என்பது மற்றொன்று. வாக்குமூலத்தை எழுதுபவர் யார், எந்த மொழியில் என்பது மூன்றாவது. களவு வழக்கிலோ கொலை வழக்கிலோ பிடிபட்டவருக்கு 1895 ஆம் ஆண்டின் 25 ஆம் பிரிவு இன்றும் காவலாக நிற்கின்றது.